ஏப்ரன் தைக்கும் சிறிய கூடம் முதலில் எந்தச் சந்தைக்குப் போகலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரூரில் எட்டு மெஷின் வைத்து ஏப்ரன், அதாவது சமைக்கும்போதும் பரிமாறும்போதும் உடைக்கு மேல் கட்டும் முன்துணி, தைக்கிறீர்கள். வருமானத்தில் பெரும்பகுதி ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க்: துணி அவர்களுடையது, தையல் கூலி உங்களுக்கு. மீதி, உள்ளூர்க் கடைகளுக்குப் போகும் சொந்தச் சரக்கு. அமெரிக்க ஆர்டர் குறைந்ததும் ஜாப் ஒர்க்கும் குறைந்துவிட்டது. அமேசானில் இறங்கலாமா, நேரடியாக ஏற்றுமதி செய்யலாமா, வளைகுடா சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். துபாயிலிருந்து 5,000 உருப்படி, 90 நாள் கடன் என்று ஒரு விசாரணை வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் பதில், பிறகு காரணங்கள். பெங்களூரு, கோவை, கொச்சி, சென்னை ஆகிய ஊர்களின் உணவகங்களும் பேக்கரிகளும் உங்கள் முதல் புதிய சந்தை. அது நிலைத்த பிறகு வளைகுடா, சிறிய அளவில், முன்பணத்துடன். அமெரிக்காவுக்கு நேரடியாகப் போவது இப்போது வேண்டாம். அமேசான் ஒரு பக்கமாக ஓடட்டும். அதை நம்பி ஆள் சேர்க்காதீர்கள்.

சந்தை என்றதும் நாம் நாட்டின் பெயரைத்தான் யோசிக்கிறோம். ஏப்ரனைப் பொறுத்தவரை நாட்டைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இதைத் துவைக்கப் போவது யார்? வீட்டில் சமைப்பவர் தன் வாஷிங் மெஷினில் துவைப்பார். உணவகத்தின் ஏப்ரன் சலவைக்கூடத்துக்குப் போகும். அங்கே கொதிநீர், காரமான சோப்பு, பல இடங்களில் குளோரின் பிளீச். பரிசாகக் கொடுக்கப்படும் ஏப்ரனைப் பெரும்பாலும் யாரும் துவைப்பதே இல்லை. சமையலறைக் கதவின் கொக்கியில் தொங்கும். இந்த மூன்றும் பார்வைக்கு ஒரே பொருள். ஆனால் துணி வேறு, சாயம் வேறு, தையல் வேறு, விலை வேறு, பணம் திரும்பும் காலமும் வேறு. பெர்லின் உணவகமும் பெங்களூரு உணவகமும் ஏறக்குறைய ஒரே ஏப்ரனைத்தான் கேட்கின்றன. பெங்களூருவின் உணவகமும் அதே தெருவில் இருக்கும் பரிசுப்பொருள் கடையும் கேட்பது இரண்டு வெவ்வேறு பொருள்கள்.

உங்களிடம் இப்போது இருப்பது வீட்டு ஏப்ரன் தைக்கும் கைப்பழக்கம். ஏற்றுமதி நிறுவனம் கொடுத்த காட்டன் துணியில், ரியாக்டிவ் என்னும் வகைச் சாயத்தில், அச்சு போட்ட சரக்கை அவர்கள் சொன்ன அளவில் தைத்துப் பழகியிருக்கிறீர்கள். அதே சரக்கை ஓர் உணவகத்துக்குக் கொடுத்தால், சில வாரங்களில் கறுப்பு ஏப்ரனில் செம்பழுப்புத் திட்டுகள் விழுந்திருப்பதாகத் தொலைபேசி வரும். குளோரின் ரியாக்டிவ் கறுப்பை அப்படித்தான் தின்னும். உணவகச் சரக்குக்கு வேட் என்னும் வகைச் சாயம் போட்ட துணி கேளுங்கள். மீட்டருக்கு விலை கூடும், ஆனால் பிளீச்சைத் தாங்கும். அல்லது 65-க்கு 35 பாலியெஸ்டர் காட்டன் கலப்பு. அது சீக்கிரம் உலரும், சுருங்காது, இஸ்திரியும் அதிகம் கேட்காது. பரிமாறுபவர்களுக்கு அது நல்ல துணி. தந்தூர் அடுப்பு, கிரில் முன்னால் நிற்பவருக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். தீப்பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அவருக்குக் கனமான முழுக் காட்டன் ட்ரில் துணிதான். விற்கப் போகும்போது வாங்கும் மேலாளரிடம் இந்த வேறுபாட்டை நீங்களே எடுத்துச் சொன்னால், விலைப் பேச்சு அதோடு பாதி முடிந்துவிடும். இதைச் சொல்லி விற்கும் ஆள் அவர்களிடம் அபூர்வமாகத்தான் வருகிறார்.

கிழியும் இடங்களும் தெரிந்தவைதான். கழுத்துப் பட்டை சேரும் இடம், இடுப்பு நாடா சேரும் இடம், பாக்கெட்டின் மேல் மூலை இரண்டு. சர்வர் பாக்கெட்டில் கையை விட்டு இழுத்துக்கொண்டே இருப்பார். அங்கே பார்டேக், அதாவது நெருக்கமாகப் போடும் உறுதித் தையல், இல்லாவிட்டால் துணியோடு வந்துவிடும். பார்டேக் மெஷின் வாங்குவது இப்போது கட்டாயமில்லை. பக்கத்துக் கூடத்தில் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசிப் போட்டு வாங்கலாம். கழுத்துப் பட்டையில் இரும்பு வளையம் வைத்தால் சலவையில் துரு இறங்கும். துருப்பிடிக்காத வளையம் வையுங்கள், அல்லது வளையமே இல்லாமல் முதுகில் குறுக்காகப் போகும் பட்டை வையுங்கள். நாள் முழுவதும் நிற்பவருக்குக் கழுத்தில் பாரம் இல்லாத அந்த மாதிரி மிகவும் பிடித்துப்போகும்.

சுருக்கத்தையும் கவனியுங்கள். துணியை வாங்கியதும் அரை மீட்டர் வெட்டி, அளவைக் குறித்து, சூடான நீரில் மூன்று முறை துவைத்து மீண்டும் அளந்து பாருங்கள். நீளத்தில் 3 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கினால் அந்தத் துணியை உணவகச் சரக்குக்கு எடுக்காதீர்கள், அல்லது முன்கூட்டியே சுருக்கி முடித்த துணியாகக் கேளுங்கள். இந்தச் சோதனைக்கு ஆய்வகம் தேவையில்லை. சாயம் ஒட்டுகிறதா என்று வெள்ளைத் துணியை ஈரமாக்கி அடர் நிறத்தின் மேல் பத்துத் தடவை தேய்த்துப் பார்ப்பதற்கும் தேவையில்லை. பெரிய பையர், அதாவது மொத்தமாக வாங்குபவர், கேட்கும்போது மட்டும் ஆய்வக அறிக்கைக்குச் செலவு செய்யுங்கள்.

இனி விலை. வழக்கமான நெஞ்சு மறைக்கும் ஏப்ரன் அகலம் 70 சென்டிமீட்டர், நீளம் 85 என்று வைத்துக்கொள்வோம். 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் இரண்டு உருப்படி அருகருகே விழும். மடிப்பையும் சேர்த்து 90 சென்டிமீட்டர் நீளம் போகும். பாக்கெட்டையும் வெட்டுச் சேதாரத்தையும் சேர்த்தால் உருப்படிக்கு அரை மீட்டர். இங்கே ஒரு சிறிய கணக்கு ஒளிந்திருக்கிறது. கழுத்துக்கும் இடுப்புக்குமாகப் பட்டை கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் வேண்டும். அதை அதே துணியில் வெட்டினால் அரை மீட்டர் போதாது. மடித்துத் தைக்கும் நேரமும் கூடும். நாடாவாகவே நெய்து வரும் காட்டன் ட்வில் டேப் போட்டால் துணியும் மிச்சம், நேரமும் மிச்சம். பையர் குறிப்பாகக் கேட்டாலொழிய டேப்தான் போடுங்கள்.

கணக்குக்காகச் சில எண்கள் வைக்கிறேன். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். துணி 80 ரூபாய். டேப், நூல், லேபிள் 12. கட்டிங்கும் தையலும் 25. செக்கிங், இஸ்திரி, பேக்கிங் 10. வாடகை, மின்சாரம், மேற்பார்வை 15. கழிவாகும் உருப்படிகளுக்கு 3. அடக்கம் 145 ரூபாய். 15 விழுக்காடு லாபம் வைத்தால் 167. ஜாப் ஒர்க்கில் துணி அவர்களுடையது என்பதால், சிறிய கூடங்கள் துணிப் பணத்தின் மேல் லாபம் வைக்க மறந்துவிடுகின்றன. 80 ரூபாயைச் சில வாரங்கள் முடக்கி வைப்பது உங்கள் பணம். அதன் வட்டி உங்கள் செலவு. "தையல் கூலிக்கு மேல் ஐந்து ரூபாய் கிடைத்தால் போதும்" என்ற பழைய கணக்கோடு சொந்தச் சரக்கு விற்கப் போனால், ஆர்டர் பெருகப் பெருகக் கையில் காசு குறையும்.

உணவகங்களை முதலில் சொல்வதற்கு இந்தப் பணச் சுழற்சிதான் பெரிய காரணம். இருபது பேர் வேலை செய்யும் சமையலறைக்கு ஆளுக்கு மூன்று ஏப்ரன் வேண்டும்: ஒன்று உடலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஆக அறுபது. பத்துக் கிளை உள்ள நிறுவனம் என்றால் 600. உங்கள் அடக்கக் கணக்கில் அது 87,000 ரூபாய் முதலீடு. எட்டு மெஷின் கூடத்துக்குக் கைக்கு அடக்கமான ஆர்டர். தேய்ந்ததும் திரும்ப வாங்குவார்கள், ஆள் மாறினாலும் வாங்குவார்கள், புதுக் கிளை திறந்தாலும் வாங்குவார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நான்காம் அட்டவணை, உணவைக் கையாள்பவர்கள் சுத்தமான பாதுகாப்பு உடை அணிய வேண்டும் என்கிறது. ஆய்வுக்கு வருபவர் பார்க்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று. ஆகவே வியாபாரம் மந்தமான மாதத்திலும் அந்தச் செலவை அவர்களால் முழுதாக நிறுத்த முடியாது.

பணம் இழுத்தடிப்பார்களே என்று கேட்பீர்கள். இழுத்தடிப்பார்கள். அதற்காகத்தான் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு. இணையத்தில் இலவசம், யாராவது கட்டணம் கேட்டால் அது தரகர். பதிவு இருந்தால் 2006-ஆம் ஆண்டு சிறு, குறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்னும் வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் வந்திருக்கிறது: குறித்த காலத்துக்குள் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. வழக்குப் போடும்வரை போக வேண்டியதில்லை. பில்லின் மேலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். அதைப் பார்த்ததும் அந்த நிறுவனத்தின் கணக்காளரே மார்ச் மாதத்துக்குள் உங்கள் பில்லைத் தேடி எடுப்பார்.

வெளி மாநிலத்துக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல்வரை விலக்கு என்பது மாநிலத்துக்குள் சரக்கு விற்பவருக்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல், உருப்படி 2,500 ரூபாய்வரை விலையுள்ள ஆடைகளுக்கு 5 விழுக்காடு. ஏப்ரன் அந்த எல்லையைத் தாண்டுவது தோல் ஏப்ரனில்தான், அதுவும் வரிப்பட்டியலில் வேறு அத்தியாயம், உங்களுக்குக் கவலையில்லை.

விற்பனைக்கு எப்படிப் போவது? மூன்று நிறம் போதும்: கறுப்பு, நேவி நீலம், சாயமில்லா வெளிர் நிறம். சாயப்பட்டறை ஒரு நிறத்துக்குக் குறைந்தபட்ச அளவு கேட்கும். பத்து நிறம் வைத்தால் உங்கள் பணம் முழுவதும் துணிக் கட்டாக மூலையில் கிடக்கும். வேறுபாட்டை நிறத்தில் காட்டாமல், நெஞ்சில் போடும் எம்பிராய்டரியில் காட்டுங்கள். உணவகத்தின் பெயரை எம்பிராய்டரி செய்த ஒரு சாம்பிளோடு பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள். மதிய நெரிசல் முடிந்து, மாலை தொடங்காத நேரம். முதலாளியைத் தேடாமல் முதலில் சமையலறைப் பொறுப்பாளரைப் பாருங்கள். சாம்பிளை விட்டுவிட்டு, "உங்கள் சலவைக்கூடத்திலேயே பத்து முறை போட்டுப் பாருங்கள், பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். விலைப்பட்டியல் அடுத்த சந்திப்பில். டெல்லியில் ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் நடக்கும் ஆகார் கண்காட்சி உணவு, விருந்தோம்பல் துறைக்கானது. முதல் முறை ஸ்டால் எடுக்காமல் பார்வையாளராகப் போய், அங்கே சீருடை விற்பவர்களின் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாலே செலவுக்கு ஈடாகும்.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ பற்றிச் சுருக்கமாக. அங்கே வாங்குபவர் ஏப்ரனைத் தொட்டுப் பார்ப்பதில்லை. சதுர மீட்டருக்கு 220 கிராம் (ஜிஎஸ்எம்) எடையுள்ள துணியும் 120 ஜிஎஸ்எம் துணியும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். எனவே விலை கீழே இழுத்துக்கொண்டே போகும். கமிஷன், கூரியர், திரும்பி வரும் சரக்கு ஆகிய மூன்றையும் கழித்துப் பாருங்கள். 167 ரூபாய்ச் சரக்கை 399-க்குப் போட்டால்தான் நிற்கும். 199-க்குப் போடும் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். அங்கே தனி உருப்படியாகப் போடாமல் தொகுப்பாகப் போடுங்கள்: அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஜோடி ஏப்ரன், அல்லது ஏப்ரன், கையுறை, பாத்திரம் பிடிக்கும் துணி மூன்றும் சேர்ந்த செட். கரூரில் இவை மூன்றும் ஒரே தெருவில் தைக்கப்படுகின்றன. வேறு ஊர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. குழந்தை ஏப்ரனில் கழுத்துக்குக் கட்டும் நாடா வேண்டாம், இழுத்தால் பிரிந்துவிடும் வெல்க்ரோ வையுங்கள். எங்காவது மாட்டி இறுகினால் அது ஆபத்து. வெளிநாட்டுப் பையர்கள் குழந்தைச் சரக்கில் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

அமெரிக்காவை ஏன் தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்பது கரூர்க்காரருக்குத் தெரியாததல்ல. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு முதலில் 25 விழுக்காடு, அந்த மாதம் 27-ஆம் தேதி முதல் மொத்தம் 50 விழுக்காடு என்று கூடுதல் வரி ஏறியது. பத்து விழுக்காடு லாபத்தில் ஓடும் சமையலறைத் துணி வியாபாரம் அதைத் தாங்காது. பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள், தைத்து முடித்த சரக்கு கிடங்கில் நின்றது. வரி ஓர் அரசியல் முடிவில் ஏறும், இன்னொரு முடிவில் இறங்கும். பெரிய நிறுவனம் அந்த இடைவெளியை வங்கிப் பணத்தில் கடக்கும், எட்டு மெஷின் கூடத்தால் முடியாது. எட்சி போன்ற இணைய விற்பனைத் தளங்களில் ஒற்றை உருப்படியாக அமெரிக்க வீடுகளுக்கு அனுப்பும் வழிக்கும் அதே மாதம் அடி விழுந்தது. 800 டாலருக்குக் கீழான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு ஆகஸ்டு 29-ஆம் தேதியோடு எல்லா நாடுகளுக்கும் போய்விட்டது. நம் அஞ்சல் துறையே சில வாரங்கள் அங்கே பார்சல் எடுப்பதை நிறுத்தி, அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது.

அதற்காக அமெரிக்க ஆர்டரே தொடக்கூடாது என்று சொல்லவில்லை. ஏற்றுமதி நிறுவனம் வழியாக வந்தால் தையுங்கள். வரியின் இடர் அவர்களுடையது. ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள்: பையரின் பட்டியலில் உங்கள் கூடத்தின் பெயர் ஏறியிருக்க வேண்டும். இன்று பெரிய பையர்கள் சரக்கு எங்கே தைக்கப்பட்டது என்று கேட்கிறார்கள். சொல்லாமல் வெளியே கொடுத்துத் தைத்தது தெரிந்தால் ஆர்டரையே ரத்து செய்வார்கள். பெயரில்லாத கூடமாக இருக்கும்வரை நல்ல ஆர்டர் உங்களிடம் நிலைக்காது. பட்டியலில் ஏற வேண்டுமானால் தணிக்கைக்கு ஆள் வருவார். அவர் பார்ப்பது ஆடம்பரமல்ல: சம்பளப் பதிவேடு, வயதுச் சான்று, வேலை நேரம், தீயணைப்பான், வெளியேறும் வழியில் துணி மூட்டை இல்லாமல் இருப்பது, உடைந்த ஊசியின் துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்டி வைக்கும் ஏடு. 10 பேர் ஆனால் இஎஸ்ஐ, 20 பேர் ஆனால் பிஎஃப் என்பதும் நினைவிலிருக்கட்டும். ஆர்கானிக் சான்றிதழ் வாங்குங்கள் என்று யாராவது வந்து சொன்னால், அதைக் கேட்கும் பையர் யார் என்று திருப்பிக் கேளுங்கள். ஆர்டர் இல்லாமல் வாங்கிய சான்றிதழுக்கு ஆண்டுதோறும் கட்டணம் மட்டும் போகும்.

வெளிநாட்டில் உங்களுக்கு முதலில் பொருந்துவது வளைகுடா. காரணம் எளிது. அங்கேயும் வாங்குவது உணவகங்கள். அதே துணி, அதே பார்டேக், அதே கறுப்பு நிறம். உள்நாட்டில் பழகிய சரக்கையே அனுப்பலாம், புது மாதிரி செய்யத் தேவையில்லை. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022 மே 1 முதல் வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. சரக்கு இந்தியாவில் செய்யப்பட்டது என்னும் முறையான தோற்றச் சான்று இணைத்தால் வாங்குபவருக்குச் சுங்கவரிச் சலுகை. அந்தச் சான்றை இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். அது இருக்கிறது என்று உங்கள் விலைக்கடிதத்தில் எழுதினால், பாகிஸ்தான் சரக்கோடு விலை ஒப்பிடுபவரிடம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

அதற்கடுத்து ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும். ஆஸ்திரேலிய ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29-இல் நடப்புக்கு வந்தது. பிரிட்டன் ஒப்பந்தம் 2025 ஜூலை 24-இல் கையெழுத்தானது. ஆடைகளுக்கு அங்கே 12 விழுக்காடுவரை இருக்கும் வரியை நீக்க வகை செய்யும் ஒப்பந்தம் அது. பையருக்கு விலை சொல்லும் நாளில் எந்த வரி விகிதம் நடப்பில் இருக்கிறது என்று சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டனில் நேவியும் வெள்ளையும் கலந்த கோடு போட்ட கசாப்புக்கடை ஏப்ரன் எக்காலத்துக்கும் விற்கும் சரக்கு. கோட்டுத் துணி நெய்வதில் கரூர்த் தறிகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பான் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. ஏப்ரன் மிக அதிகமாக அணியும் நாடுகளில் ஒன்று அது, 2011 முதல் ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் உருப்படி ஒவ்வொன்றையும் ஊசி கண்டறியும் கருவியில் விடச் சொல்வார்கள், ஒரு நூல் முனை நீண்டிருந்தாலும் திரும்பும். உங்கள் செக்கிங் மேஜை அந்த அளவுக்குப் பழகட்டும், பிறகு பார்க்கலாம்.

ஏற்றுமதிக்கான காகிதங்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம், இவை ஒரு மாதத்துக்குள் முடியக்கூடியவை. வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், கட்டணம் 500 ரூபாய். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் இணையத்தில் அதைப் புதுப்பிக்க மறக்காதீர்கள், மறந்தால் எண் முடங்கும். வங்கியிடமிருந்து ஏடி கோடு, அதாவது வெளிநாட்டுப் பணம் வரவாகும் வங்கிக் கிளையின் குறியீட்டு எண், வாங்கித் துறைமுகச் சுங்கத்தில் பதிய வேண்டும், உங்களுக்குத் தூத்துக்குடி. ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்ப ஆர்எஃப்டி 11 படிவத்தில் உறுதிமொழி. ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தில் உறுப்பினர் பதிவு. சுங்கக் குறியீட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். நெய்த காட்டன் ஏப்ரன் 6211 என்ற ஆடைத் தலைப்பில் வரும். ஆண், பெண் என்று பிரித்தறிய முடியாத ஆடை என்பதால் பெண்கள் பிரிவில், அதாவது 621142-இல். சமையலறைத் துண்டு 6302. இரண்டையும் ஒரே பில்லில் துண்டு என்று போட்டு அனுப்பினால் அந்தப் பக்கத்துச் சுங்கத்தில் சரக்கு நிற்கும், தாமதக் கட்டணம் பையருக்கு, கெட்ட பெயர் உங்களுக்கு. சாம்பிள்களையும் சின்னப் பார்சல்களையும் அனுப்ப அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். தனியார் கூரியரைவிடப் பெரும்பாலும் மலிவு.

ஐரோப்பாவுக்குப் போகும் துணியில் தடை செய்யப்பட்ட அசோ சாயங்கள் இருக்கக்கூடாது. அவற்றிலிருந்து வரும் அமின்கள் என்னும் வேதிப்பொருள்களுக்கான எல்லை கிலோவுக்கு 30 மில்லிகிராம். சாயப்பட்டறையிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள், சாய நிறுவனத்தின் சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

சரக்கைப் பையரின் ஆள் எப்படிச் சோதிப்பார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1,000 உருப்படிச் சரக்கில் வழக்கமான முறைப்படி 80-ஐ எடுப்பார். எவ்வளவு குறையைப் பொறுப்பது என்பதற்கான தர எல்லை (ஏக்யூஎல்) 2.5 என்று ஒப்புக்கொண்டிருந்தால், அதில் 5 பெரிய குறைவரை பொறுப்பார், 6 ஆனால் மொத்தச் சரக்கையும் திருப்புவார். அதே 80-ஐ அவர் வருவதற்கு முன்னால் நீங்கள் எடுத்துப் பாருங்கள். ஏப்ரனில் குறை என்றால் பெரும்பாலும் மூன்றுதான்: உடலும் பாக்கெட்டும் வேறு வேறு ரோலில் வெட்டப்பட்டதால் வரும் நிற வேறுபாடு, எண்ணெய்க் கறை, இடுப்பு நாடா இரண்டும் நீளம் ஒவ்வாமை. முதலாவதைத் தடுக்க வெட்டும்போதே கட்டு எண் போடுங்கள்.

இப்போது அந்தத் துபாய் விசாரணை. எட்டு மெஷினில், சாதாரண வேகத்தில், நாளுக்கு 200 முதல் 250 ஏப்ரன் முடியும் என்று வைத்தால், 5,000 என்பது நான்கு வாரம், வேறு எந்த வேலையும் தொடாமல். துணிக்கு இரண்டு வாரம், கப்பலுக்குச் சில நாள், அதன் பிறகு 90 நாள். ஏறக்குறைய ஐந்து மாதம் 7.25 லட்சம் ரூபாய் உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். அந்த இடைவெளியில் ஏற்றுமதி நிறுவனமும் உள்ளூர்க் கடைகளும் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள்.

ஆகவே மறுக்காதீர்கள், சுருக்கிக் கொடுங்கள். 500 உருப்படி, கறுப்பு ஒரே நிறம், விலை தூத்துக்குடியில் கப்பல் ஏற்றும்வரை என்று எழுதுங்கள். 50 விழுக்காடு முன்பணம், மீதி கப்பல் ரசீதின் நகல் கண்டதும். சாம்பிள் இலவசம், கூரியர் கட்டணம் அவருடையது. அதைக் கூடத் தர மறுப்பவர் 5,000-க்குப் பணம் தரப்போவதில்லை. அவருடைய வணிக உரிமத்தின் நகலைக் கேளுங்கள். எந்த உணவகங்களுக்கு, எந்தச் சலவைக்கூடத்தில் துவைக்கப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். உண்மையாகவே வாங்குபவருக்கு அதற்குப் பதில் தெரியும். பதிவுக் கட்டணம், டெண்டர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என்று அவர் உங்களிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் அந்தக் கடிதத்தை அழித்துவிடுங்கள். முதல் 500 ஒழுங்காக முடிந்து இரண்டாவது ஆர்டரில் கடன் கேட்டால், ஏற்றுமதிக் கடன் காப்புறுதி நிறுவனமான இசிஜிசியில் அந்தப் பையரின் பெயரைக் கொடுத்து எவ்வளவு தொகைக்குக் காப்பு தருவார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் தரும் வரம்புக்கு மேல், எத்தனை இனிமையாகப் பேசினாலும், கடன் கொடுக்க வேண்டாம்.